ஒரே நடத்துநருடன் இரண்டு பருவங்கள்: ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 19. ஐந்து வயதிலிருந்து வயலின் வாசிக்கிறேன். இப்போது இசைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சென்ற ஆண்டு இளையோருக்கான போட்டி ஒன்றில் இரண்டாம் பரிசு பெற்றேன். இறுதிச் சுற்றில் சிம்பொனி இசைக்குழுவைக் கோலால் வழிநடத்திய நடத்துநர், தன் பொறுப்பில் இருக்கும் இரண்டு இசைக்குழுக்களுடனும் அடுத்த இரண்டு பருவங்களில் (ஒரு பருவம் என்றால் ஓர் ஆண்டின் கச்சேரிகள்) வாசிக்க அழைத்திருக்கிறார். சிபேலியஸ், பிராம்ஸ் ஆகியோரின் வயலின் கன்செர்ட்டோக்கள் (தனிக் கலைஞர் ஒருவர் இசைக்குழுவோடு வாசிக்கும் படைப்புகள்), பிறகு ஓர் இசையமைப்பாளர் புதிதாக எழுதப்போகும் கன்செர்ட்டோ. அந்த இரண்டு பருவங்களில் வேறு எந்த நடத்துநரிடம் ஒப்புக்கொள்வதற்கு முன்பும் தன்னைக் கேட்க வேண்டும் என்பது அவர் வாய்மொழியாகச் சொன்ன நிபந்தனை. என் ஆசிரியர் "படிப்பை முடி, அவசரப்படாதே" என்கிறார். அந்த நடத்துநரும் 28 வயது வரை வயலின் கலைஞராக இருந்தவர்தான். "உனக்கும் நடத்தும் கை இருக்கிறது, பிற்காலத்தில் என்னைப் போலவே ஆவாய்" என்கிறார். தனிப் பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்று கல்லூரி இசைக்குழுவில் வாசிப்பதிலிருந்து விலக்கு வாங்கியிருக்கிறேன். இதில் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கச்சேரிகளை ஏற்றுக்கொள்ளுங்கள். நிபந்தனையை ஏற்காதீர்கள். பிராம்ஸை இரண்டாம் பருவத்தின் கடைசிக்குத் தள்ளச் சொல்லுங்கள். கல்லூரியை விடாதீர்கள். நடத்துநர் ஆவதா வேண்டாமா என்று இன்று தீர்மானிக்க வேண்டியதே இல்லை. ஆனால் அதற்காக இன்றே தொடங்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. விலக்கு வாங்கித் தவிர்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அதே வேலைதான்.

பல ஆண்டுகள் இரண்டாம் வயலின் வரிசையில் அமர்ந்து வாசித்துவிட்டு, பிறகு யாரை எந்த வாரம் அழைப்பது என்று திட்டமிடும் மேசைக்கு வந்தவன் நான். அந்த மேசையில் நடப்பது மேடையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. உங்கள் நடத்துநருக்கு அது நன்றாகவே தெரியும். எனவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

பெரிய இசைக்குழுக்கள் ஒரு பருவத்தின் நிகழ்ச்சிகளை 18 மாதம் முதல் 2 ஆண்டு முன்னதாகவே முடிவு செய்கின்றன. புகழ்பெற்ற தனிக் கலைஞர்கள் என்றால் அதற்கும் முன்பே. அதாவது, இன்று உங்கள் வாசிப்பைக் கேட்டு ஒருவர் மனம் பறிகொடுத்தாலும், அவர் உங்களை மேடையேற்றப்போவது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். இதை அந்த நிபந்தனையோடு பொருத்திப் பாருங்கள். இரண்டு பருவங்கள் நீங்கள் அவருடைய இரண்டு இசைக்குழுக்களுடன் மட்டும் வாசிக்கிறீர்கள். நாட்காட்டி நிறைந்திருக்கும், விமர்சனங்கள் வரும், எல்லாம் நன்றாகப் போவதாகவே தோன்றும். அதே இரண்டு ஆண்டுகளில்தான் மற்ற இசைக்குழுக்கள் மூன்றாம், நான்காம் பருவங்களுக்கான வயலின் கலைஞர்களை எழுதிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டியல்களில் உங்கள் பெயர் இருக்காது, ஏனென்றால் அவர்களில் யாரும் உங்களை நேரில் கேட்டிருக்க மாட்டார்கள். நிபந்தனை இரண்டு பருவங்களுக்குத்தான். வெறுமை அதற்குப் பிறகு வரும், அப்போது உங்களுக்கு 21, 22 வயதாகியிருக்கும், அடுத்த 17 வயதுப் பையனோ பெண்ணோ மேடைக்கு வந்திருப்பார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஓர் இளம் கலைஞரைக் கண்டெடுத்து வளர்த்தவர் என்ற பெயர் எந்த நடத்துநருக்கும் நல்லது, அதில் தவறும் இல்லை. ஆனால் அவருடைய கடிகாரமும் உங்களுடையதும் வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றன. இசை இயக்குநர், அதாவது இசைக்குழுவின் தலைமை நடத்துநர், பதவி பொதுவாக 3 முதல் 5 ஆண்டு ஒப்பந்தம். பலர் தங்கள் இசைக்குழுவோடு ஆண்டுக்கு 10 முதல் 15 வாரங்கள் மட்டுமே இருக்கிறார்கள், மீதி நாட்கள் விருந்தினராக வேறு ஊர்களில் கழியும். இரண்டு இசைக்குழுக்களை வைத்திருக்கும் ஒருவர் மூன்றாவதாக ஒரு பெரிய இடத்தை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அவர் போனதும் புதிதாக வருபவர் தனக்குப் பழக்கமான தனிக் கலைஞர்களுடன் வருவார். முன்னவரின் கண்டுபிடிப்பு என்ற முத்திரையோடு இருப்பவரை முதலில் விட்டுவிடுவார்கள். பகையெல்லாம் இல்லை, அவருக்கும் தன் ஆட்களைக் கொண்டுவர வேண்டுமல்லவா.

தனிக் கலைஞரின் வாழ்வில் முதல் கச்சேரிக்கு எல்லோரும் தரும் மதிப்பு எனக்குப் பிடிபட்டதே இல்லை. முதல் அழைப்பில் பாதி ஆர்வம், பாதி சூழ்நிலை: ஒருவர் உடல்நலமின்றி விலகுவார், ஒரு போட்டியின் பரிசில் கச்சேரியும் அடங்கியிருக்கும், ஒரு முகவர் விடாமல் தொலைபேசியில் அழைப்பார். அதே இசைக்குழு இரண்டாவது முறை கூப்பிடுகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு முன்பு மேசையில் இருப்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது என்ன தெரியுமா? முதல் வயலின் தலைவரிடம் பேசுவார்கள். ஓபோ என்ற ஊதுகருவியை முதல் இடத்தில் வாசிப்பவரிடம் பேசுவார்கள். ஒத்திகைக்கு நேரத்துக்கு வந்தாரா, கிளாரினெட் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்டாரா, இரண்டாம் நாள் கச்சேரி முதல் நாளைவிட மேலாக இருந்ததா என்றெல்லாம் விசாரிப்பார்கள். நடத்துநரிடமும் கேட்பார்கள்தான். ஆனால் தானே கூட்டிவந்தவரைப் பற்றி அவர் குறையா சொல்லப்போகிறார்? உங்கள் நடத்துநர் ஐந்து முறை உங்களை அழைத்தாலும் வெளியார் கணக்கில் அது ஒரே அழைப்புதான். அவருக்குச் சம்பந்தமில்லாத நான்கு இசைக்குழுக்கள் ஆளுக்கு இரண்டு முறை அழைத்தால் தொழில் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பெரிய பெயர்களைப் பாருங்கள். ஓர் இளம் வயலின் கலைஞரை ஒரு நடத்துநர் தூக்கிவிட்ட கதை என்றால் எல்லோரும் சொல்வது ஆன்-சோஃபி முட்டரையும் ஹெர்பர்ட் ஃபான் கராயனையும்தான். 1963இல் பிறந்த முட்டரை அவர் 1976இல் கேட்டார், 1977இல் சால்ஸ்பர்க்கில் மோட்சார்ட் கன்செர்ட்டோவுடன் மேடையேற்றினார். அந்தக் கதையில் வழக்கமாக விட்டுப்போகும் பகுதிகள் இரண்டு. பீத்தோவன் கன்செர்ட்டோவைத் தயார் செய்துகொண்டு போனபோது, ஓர் ஆண்டு கழித்து வா என்று கராயன் திருப்பி அனுப்பியதை முட்டரே சொல்லியிருக்கிறார். அவ்வளவு அதிகாரம் வைத்திருந்த மனிதர், தயாராகாத ஒன்றை மேடையில் வைத்து விற்கவில்லை. இன்னொன்று: முதல் சில ஆண்டுகளிலேயே முட்டர் மற்ற நடத்துநர்களுடனும் வாசித்தார். 1977லேயே டேனியல் பேரன்பாயிமுடன் இங்கிலாந்தில், 1980இல் ஜூபின் மேத்தா நடத்திய நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன். கராயனின் நிழல் எவ்வளவு பெரியது என்று அந்தக் காலத்தவரைக் கேட்டால் தெரியும். அந்த நிழலுக்குள்ளும் வெளிவாசல் திறந்தே இருந்தது.

உங்கள் ஆசிரியர் சொல்வதற்கு வருகிறேன். படிப்பா மேடையா என்று அவர் பிரித்துக் கேட்டிருந்தால் நான் உடன்பட மாட்டேன். இரண்டும் சேர்ந்தே போகலாம். ஹிலரி ஹான் 10 வயதில் பிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் கல்லூரியில் சேர்ந்தவர். 12 வயதில் பால்டிமோர் சிம்பொனியுடன் வாசித்துவிட்டார். பட்டத்துக்குத் தேவையான பாடங்களை 16 வயதிலேயே முடித்தும் கிளம்பிவிடாமல் 1999 வரை அங்கேயே இருந்து இன்னும் பாடங்கள் எடுத்தார், ஒரு சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் அறை இசையும் வாசித்தார். இடையில் 1997இல் பாக்கின் தனி வயலின் படைப்புகளை முதல் இசைத்தட்டாகப் பதிவும் செய்தார். ஒரு விருந்தினர் வாரம் என்பது கலைஞருக்கு நான்கைந்து நாட்கள்தான். ஆண்டுக்கு ஆறேழு வாரங்கள் போனாலும் ஒழுங்கான கல்லூரி அதற்கு வழி செய்து தரும்.

ஆசிரியரின் கவலைக்கு வேறொரு காரணம் இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். அது நியாயமானது. குழந்தை மேதைகள் கையால் கண்டுபிடித்ததை அறிவு பிற்பாடு வந்து கேள்வி கேட்கும். யூடி மெனுஹின் 1929இல், 13 வயது நிறையும் முன்பே, பெர்லினில் புரூனோ வால்ட்டர் நடத்த, ஒரே மாலையில் பாக், பீத்தோவன், பிராம்ஸ் என்று மூன்று கன்செர்ட்டோக்கள் வாசித்தார். 1932இல் எல்காரின் கன்செர்ட்டோவை எல்காரே நடத்தப் பதிவு செய்தார். பின்னாளில் வில் கை தடுமாறத் தொடங்கியபோது, சிறு வயதில் இயல்பாக வந்த ஒவ்வொரு அசைவையும் அவர் மறுபடி அடியிலிருந்து கற்க வேண்டியிருந்தது. 19 வயது அந்தக் கேள்விகளை ஆசிரியர் அருகில் இருக்கும்போதே கேட்டு முடிப்பதற்கான வயது. ஒத்திகைக்கு நடுவில், ரயிலில், விடுதி அறையில் தனியாக அவற்றைச் சமாளிப்பது கடினம்.

இனி உருப்படிகள். சிபேலியஸைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். போட்டிக்குத் தயார் செய்தவர்களின் விரல்களில் அது எப்படியும் இருக்கும், இளம் ரத்தத்துக்கும் பொருந்தும். பிராம்ஸ் வேறு. ஏறக்குறைய 40 நிமிடம். 1879 ஜனவரி 1 அன்று லைப்சிக்கில் யோசஃப் யோவாக்கிம் வாசிக்க, பிராம்ஸே நடத்தி அரங்கேறியது. யோவாக்கிம் அப்போது 47 வயதானவர், ஐரோப்பாவின் முதன்மை வயலின் கலைஞர், தானும் நடத்துநர். அந்தக் கன்செர்ட்டோ அப்படிப்பட்ட ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் முழு மெட்டையும் ஓபோ வாசிக்கும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதனாலேயே அந்தக் காலத்து வயலின் மேதை சரசாத்தே அந்தக் கன்செர்ட்டோவைத் தொட மறுத்தார் என்று ஒரு கதை உண்டு. சரசாத்தேயின் கர்வத்தை நான் புரிந்துகொள்கிறேன், ஆனால் அந்த ஓபோவை நின்று கேட்கத் தெரிவதுதான் அந்தப் படைப்பில் பாதி. இசைக்குழுவுக்குள் அமர்ந்து வாசிக்காத ஒருவருக்கு அது எளிதில் வராது. இதை மறுபடி எடுக்கிறேன்.

இன்னொரு நடைமுறை விஷயம். வழக்கமான ஒரு வாரத்தில் கன்செர்ட்டோவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு ஒத்திகையும் இறுதி ஒத்திகையும் மட்டுமே. மீதி நேரம் சிம்பொனிக்குப் போய்விடும். அந்த ஒரு ஒத்திகையில் நீங்கள் கற்றுக்கொள்ள முடியாது, கற்றதைச் சொல்லத்தான் முடியும். மெண்டல்சன், புரூக், மோட்சார்ட்டின் கடைசி மூன்று வயலின் கன்செர்ட்டோக்களில் இரண்டு, சைக்கோவ்ஸ்கி: இவற்றில் குறைந்தது மூன்று, இரண்டு நாள் அவகாசத்தில் மேடையேறும் நிலையில் எப்போதும் கையில் இருக்க வேண்டும். யாரோ ஒருவருக்குக் காய்ச்சல் வருவதில் பல வாழ்க்கைகள் தொடங்குகின்றன. 1943 நவம்பர் 14 அன்று புரூனோ வால்ட்டருக்கு உடல்நலமில்லை என்பதால்தான் 25 வயது லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் ஒத்திகையே இல்லாமல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தினார். நடத்துநருக்கும் வயலின் கலைஞருக்கும் இதில் வித்தியாசமில்லை. ஆனால் அப்படி ஓர் அழைப்பு காலை பத்து மணிக்கு வந்தால், "பொறுங்கள், ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று நீங்கள் பதில் சொன்னால், பத்தரைக்கு வேறொருவர் விமானம் ஏறியிருப்பார். அந்த நிபந்தனைக்கு நான் சொல்லும் மறுப்புகளில் இதுதான் மிக எளியது.

புதிய கன்செர்ட்டோ பற்றி உற்சாகமாகவே இருங்கள். மூன்று அழைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிராம்ஸை உங்களைவிட நன்றாக வாசிக்க ஐம்பது பேர் இருக்கிறார்கள். இதை உங்களைத் தவிர யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். ஒரு படைப்பு நிலைத்துவிட்டால் முதலில் வாசித்தவரின் பெயரும் கூடவே போகும். ஆனால் இங்கே எழுத்தில் வாங்க வேண்டியவை உண்டு. தனி வயலின் பகுதி எந்தத் தேதிக்குள் கைக்கு வரும்? ஆறு மாதம் முன்பாவது வர வேண்டும். இசையமைப்பாளர்கள் தாமதிப்பார்கள், அது அவர்கள் பிறவிக் குணம், எனவே தேதி தவறினால் கச்சேரி தள்ளிப்போகுமா அல்லது உங்களுக்கு வேறு உருப்படி வாசிக்க உரிமை உண்டா என்பதும் தெளிவாக இருக்கட்டும். வில்லுக்கும் விரலுக்கும் ஒத்துவராத இடங்களை இசையமைப்பாளருடன் நேரில் உட்கார்ந்து மாற்ற வாய்ப்புக் கேளுங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் அந்தப் படைப்பை நீங்கள் மட்டுமே வாசிப்பீர்கள் என்ற உரிமையையும் கேட்டுப் பார்க்கலாம். அது இந்தத் துறையில் வழக்கமானதே. ஒரு படைப்பை ஒருவருக்கு ஒதுக்கிவைப்பதும், ஒரு கலைஞரையே ஒருவருக்கு ஒதுக்கிவைப்பதும் ஒன்றாகாது.

அதேபோல, கச்சேரிக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் அதே நகரில் வேறு இசைக்குழுவுடன் வாசிக்கக் கூடாது என்ற விதியும் சாதாரணம். டிக்கெட் விற்க வேண்டியவர்கள் அதைக் கேட்பார்கள். ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் யாருடன் வாசிக்கலாம் என்று ஒரு நடத்துநர் அனுமதி தருவது இந்தத் தொழிலின் எந்த ஒப்பந்தத்திலும் வழக்கமில்லை. அவர் இப்படிப் பதில் சொல்லலாம்: "உன் நன்மைக்குத்தான், நிறைய ஒப்புக்கொண்டு களைத்துவிடாதே என்றுதான்." நல்ல அக்கறைதான். அந்த அக்கறையை உங்கள் ஆசிரியரும் முகவரும் காட்டுவார்கள். முகவர் இல்லையென்றால், இந்த அழைப்பையே காட்டி ஒருவரைத் தேட இதைவிட நல்ல நேரம் இல்லை. முகவர் உங்கள் கட்டணத்தில் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம் எடுத்துக்கொள்வார். கட்டணத்தை மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பேசுவதும் சங்கடமான "இல்லை"களை உங்களுக்காகச் சொல்வதும் அவர் வேலை. பயணம், தங்குமிடம், வயலினுக்கான காப்பீடு இவையெல்லாம் கட்டணத்துக்குள்ளா வெளியேயா என்பதையும் அவர்தான் கேட்பார். இளம் கலைஞர்கள் பெரிய கட்டணத்தைப் பார்த்து மகிழ்ந்து, எல்லாம் கழிந்தபின் மிச்சத்தைப் பார்த்துத் திகைப்பது வாடிக்கை.

ஒரு விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கன்செர்ட்டோவின் வேகங்களைப் பேச நடத்துநரும் தனிக் கலைஞரும் ஒத்திகைக்கு முன் சந்திப்பது வழக்கம். அரங்கில், கலைஞர் அறையில், ஒரு பியானோ கலைஞரும் உடனிருக்க, அரை மணி முதல் ஒரு மணி நேரம். வீட்டில், இரவில், தனியாக என்று அமையும் சந்திப்புகள் இந்தத் தொழிலுக்குத் தேவையானவையே இல்லை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் ஒருவருடைய தொலைபேசி அழைப்பில்தான் உங்கள் இரண்டு ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்றால், அப்படி ஒரு அழைப்பை மறுப்பது கடினமாகிவிடும். பல கதவுகள் திறந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வதில் இதுவும் அடக்கம்.

போட்டிகளையும் மறக்காதீர்கள். இளையோர் போட்டியில் பெற்ற பரிசின் வெளிச்சம் ஓரிரு ஆண்டுகளில் மங்கிவிடும். பெரிய போட்டிகள் ஆண்டுதோறும் வருவதில்லை: இண்டியானாபொலிஸ் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஹெல்சிங்கியின் சிபேலியஸ் போட்டி வழக்கமாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரும்போது 24 வயது. போட்டிகள் இல்லாமலும் வளர்ந்தவர்கள் உண்டு, அவை கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேதிகள் மோதும்போது முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும்.

இப்போது நீங்கள் நடத்துநர் ஆவது பற்றிய பேச்சுக்கு வருவோம். வயலினிலிருந்து நடத்துநர் மேடைக்குப் போனவர்கள் நிறைய. சார்ல் மியூன்ஷ் லைப்சிக்கின் கெவான்ட்ஹவுஸ் இசைக்குழுவில் முதல் வயலின் தலைவராக இருந்துவிட்டு, 1932இல் பாரிஸில் நடத்துநராக அறிமுகமானபோது வயது 41. பிறகு பாஸ்டன் சிம்பொனியை 1949 முதல் 1962 வரை நடத்தினார். யூஜின் ஓர்மண்டி புடாபெஸ்ட்டின் குழந்தை மேதை. தனிக் கச்சேரிப் பயணம் என்று நம்பி 1921இல் அமெரிக்கா போனார். வாக்களித்த பயணம் நடக்கவில்லை. நியூயார்க்கில் மௌனப் படங்களுக்கு வாசிக்கும் தியேட்டர் இசைக்குழுவில் கடைசி வரிசையில் சேர்ந்து, தலைவராகி, ஒரு நாள் நடத்துநர் வராதபோது கோலை எடுத்தார். பிலடெல்ஃபியா இசைக்குழுவுடன் 1936 முதல் 1980 வரை 44 ஆண்டுகள். நெவில் மாரினர் லண்டன் சிம்பொனியில் இரண்டாம் வயலின் வரிசையின் தலைவர். நடத்துநர் இல்லாத சிறு இசைக்குழுவாக அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸை வயலினோடு அமர்ந்தே வழிநடத்தினார். கோலை எடுக்கச் சொல்லி வற்புறுத்தியவர் மூத்த நடத்துநர் பியர் மோன்ட்டோ. யாப் வான் ஸ்வேடன் 19 வயதில் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபவ் இசைக்குழுவின் வயலின் தலைவர். நடத்துநராக மாறியது முப்பதுகளில்.

இவர்கள் எல்லோரும் இசைக்குழுவின் உள்ளே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள். மோசமான நடத்துநர் என்ன செய்வார் என்பதை மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்துகொண்டது அங்கேதான். ஒரு நடத்துநர் கையைத் தூக்கும் முன்பே எண்பது பேரின் மூச்சு மாறும், அல்லது மாறாது. ஒரு நடத்துநர் பேசிக்கொண்டே இருப்பார், கடைசி வரிசையில் ஒருவர் செய்தித்தாள் படிப்பார். முன்னே நின்று கச்சேரி வாசித்துவிட்டுப் போகும் தனிக் கலைஞருக்கு இதெல்லாம் கண்ணில் படாது, முதுகுதானே அந்தப் பக்கம் இருக்கிறது. ஜூபின் மேத்தாவும் கிளாடியோ அப்பாடோவும் வியன்னாவில் மாணவர்களாக இருந்தபோது, பெரிய நடத்துநர்களின் ஒத்திகைகளைக் கிட்ட இருந்து பார்ப்பதற்காகவே பாடகர் குழுவில் சேர்ந்து பாடினார்கள். அவர்கள் தேடிப்போனதை உங்களுக்குக் கல்லூரி இலவசமாகத் தருகிறது, நீங்கள் விலக்குக் கடிதம் கொடுத்திருக்கிறீர்கள். அதைத் திரும்பப் பெறுங்கள். முதல் வயலினில் இடம் கேட்க வேண்டாம், இரண்டாம் வயலினின் பின் வரிசையில் ஒரு பருவம் உட்காருங்கள். பிராம்ஸின் ஓபோவை நின்று கேட்கும் பக்குவமும் அங்கிருந்துதான் வரும்.

நடத்துநரின் கருவி மனிதர்கள் என்பதால் அதை அறையில் பூட்டிக்கொண்டு பயிற்சி செய்ய முடியாது. எனவே இந்த வேலைக்கு வருவதற்கு எல்லோருக்கும் தாமதமாகிறது, அதனால் இழப்பும் இல்லை. 1927இல் பிறந்த ஹெர்பர்ட் புளூம்ஸ்டெட் தொண்ணூறு வயது தாண்டியும் நடத்தினார். மோன்ட்டோ 1961இல், 86 வயதில், லண்டன் சிம்பொனியுடன் 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டார், நீட்டித்துக்கொள்ளும் உரிமையும் சேர்த்து! வயலின் அப்படிக் காத்திருக்காது. தோளும் விரல்களும் இன்று தருவதை நாற்பதில் தர மாட்டா. மாக்சிம் வெங்கரோவ் போன்ற ஒருவரே தோள் காயத்தால் சில ஆண்டுகள் வயலினை ஒதுக்கிவைத்துவிட்டு நடத்துவதில் கவனம் செலுத்த நேர்ந்தது, 2011 வாக்கில் வயலினுக்குத் திரும்பினார். எனவே வரிசை தெளிவு: வயலின் முதலில். அதற்கு நடுவே நடத்துநருக்கு வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பியானோவில் முழு இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கப் பழகுவது, வயோலாவுக்கான ஆல்ட்டோ கிளெஃப் குறியீட்டைத் தடையின்றிப் படிப்பது, எஃப் ஹார்னும் பி ஃப்ளாட் கிளாரினெட்டும் எழுதியிருப்பதிலிருந்து ஒலிப்பதைக் கண்ணிலேயே மாற்றிக் கேட்பது, கொஞ்சம் ஜெர்மனும் இத்தாலியமும். பத்துப் பன்னிரண்டு தந்திக் கலைஞர்களைச் சேர்த்து ஒரு மோட்சார்ட் கன்செர்ட்டோவை வயலினோடே வழிநடத்திப் பாருங்கள். இரண்டு வேலைகளுக்கும் நடுவில் இருக்கும் பாலம் அது. மாரினர் நடந்ததும் அந்த வழிதான்.

"உனக்கு நடத்தும் கை இருக்கிறது" என்பதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு வாய்ப்பாக மாற்றுங்கள். அவருடைய இசைக்குழு ஏதாவது ஒரு நாளில் புதுப் படைப்புகளைப் படித்துப் பார்க்க உட்காரும். அதில் இருபது நிமிடம் உங்களுக்குத் தரச் சொல்லுங்கள், முன்பக்கத்திலிருந்து வீடியோ எடுக்கவும் அனுமதி கேளுங்கள். இல்லையென்றால் உதவி நடத்துநர் செய்யும் வேலையில் பங்கு கேளுங்கள்: ஒத்திகையின்போது அரங்கின் பின்வரிசையில் அமர்ந்து, எங்கே பித்தளைக் கருவிகள் வயலினை மூழ்கடிக்கின்றன என்று குறித்துக் கொடுப்பது. காது எப்படி என்பது அங்கே ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். இரண்டையும் மறுத்தால் அந்தப் பாராட்டின் எடை எவ்வளவு என்று உங்களுக்கே புரியும்.

அவருக்கு எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். நன்றி சொல்லுங்கள். முதல் பருவத்தில் சிபேலியஸ், இரண்டாம் பருவத் தொடக்கத்தில் புதிய கன்செர்ட்டோ, கடைசியில் பிராம்ஸ் என்று வரிசையை நீங்களே முன்மொழியுங்கள். தேதிகளையும் கட்டணத்தையும் அந்தந்த இசைக்குழுவின் அலுவலகத்திலிருந்து எழுத்தில் கேளுங்கள், அழைப்பு அவருடைய வாயிலிருந்து வந்தாலும் கையெழுத்துப் போடுவது நிர்வாகம்தான். நிபந்தனை பற்றி ஒரே வரி போதும்: "மற்ற அழைப்புகள் வரும்போது தங்களுக்கு மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறேன், ஒப்புக்கொள்வதை என் ஆசிரியருடனும் முகவருடனும் கலந்து முடிவு செய்துகொள்கிறேன்." இதைப் படித்தபின்னும் அழைப்பு அப்படியே இருந்தால், உடனே கையெழுத்திடுங்கள். சுருங்கினால், சிபேலியஸை மட்டும் வாசித்துவிட்டு வாருங்கள். ஒரு கச்சேரியின் நல்ல ஒலிப்பதிவைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வட்டத்துக்கு வெளியே உள்ள இசைக்குழுக்களின் திட்டமிடும் மேசைகளுக்கு அதை முகவர் மூலம் அந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.